பிரயாணியின் தர்மமும் கம்போடியாவின் ஏழைப் பிள்ளைகளும்

நமது வர்த்தகப் பெருமக்களில் பலர் பள்ளி விடுமுறை வந்ததும் மனைவி மக்களுடன் அண்டை நாடுகளுக்குச் சென்று வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு செல்லும் இடங்களில் கம்போடியாவின் சியம் ரீப் நகரமும் ஒன்று. சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஆகாய விமானத்தில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஊருக்குள் பள்ளிவாசல் இருக்கிறது. அதனை அடுத்துச் சாம் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. ஆதலால் உணவுக்குத் திண்டாட்டமில்லை. ஆயினும், அங்கோர்வாட் என்னும் அந்த மாபெரும் கட்டடத்தைக் கண்டு திரும்புகிறவர்கள், கல்லைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் அதன் வாசலில் தம்மைச் சூழ்ந்துகொண்ட பிள்ளைகளைப் பற்றியே அதிகமாகச் சொல்கிறார்கள். படத் தபால் அட்டையும் கைவளையலும் ஏந்திக்கொண்டு, "ஒரு வெள்ளி, ஒரு வெள்ளி" என்று ஐந்தாறு பாஷைகளில் கேட்கும் பிள்ளைகள் அவர்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்தால் நன்மை விளையும்? இதுவே இம்மாதப் பாடத்தின் பொருள். பிரயாண ஏஜென்சி நடத்தும் நம்மவர்களுக்கும், நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு குழுப் பிரயாணம் ஏற்பாடு செய்யும் அன்பர்களுக்கும் இதில் முக்கியமான பங்கு உண்டு. ஏனெனில் அத்தகைய குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் "அரை நாள், அனாதைப் பிள்ளைகளின் விடுதி விஜயம்" என்று ஒரு வரி இருப்பதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

கிராக்கியும் வரத்தும்

கம்போடிய மக்கள் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் மடிந்தனர். அதன் பின்னரும் சண்டை ஓயவில்லை. 1991 இல் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. 1992 இல் அங்கோர் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு வெளிநாட்டுப் பிரயாணிகள் பெருகத் தொடங்கினார்கள். 2004 இல் பத்து இலட்சத்தைத் தாண்டிய தொகை, 2019 இல் ஏறத்தாழ 66 இலட்சம் ஆயிற்று. ஆனால் இவ்வளவு பணம் வந்து இறங்கிய சியம் ரீப் மாகாணம், அந்நாட்டின் ஏழை மாகாணங்களில் ஒன்றாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. நகரத்தின் பெரிய தெருவில் ஓட்டல்கள் உயர்ந்தன. அதிலிருந்து சில மைல் தள்ளி, மழையை நம்பி ஒரு போகம் நெல் விளைவிக்கும் கிராமத்தில் நிலைமை அதிகமாக மாறவில்லை.

யுத்தம் முடிந்து ஆண்டுகள் ஆக ஆக அனாதைப் பிள்ளைகளின் தொகை குறைய வேண்டும் அல்லவா? விடுதிகளின் கணக்கோ நேர்மாறாக இருக்கிறது. 2005 இல் கம்போடியாவில் இத்தகைய விடுதிகள் 154 இருந்தன. 2010 இல் அவை 269 ஆயின. அவற்றில் இருந்த பிள்ளைகள் 6,254 பேரிலிருந்து 11,945 பேராக உயர்ந்தனர். கம்போடிய அரசாங்கமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி நிறுவனமான யூனிசெஃப்பும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் கண்ட தொகைகள் இவை. அதே ஆய்வு மற்றொன்றையும் சொல்லிற்று: அப்பிள்ளைகளில் முக்கால் பங்கினருக்குத் தாயோ தகப்பனோ, இருவருமோ உயிருடன் இருந்தார்கள்!

வர்த்தகர்களாகிய நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கிராக்கி எங்கே உண்டோ அங்கே வரத்து வந்து சேரும். அனாதைப் பிள்ளையைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, பத்து வெள்ளி கொடுத்துச் செல்ல ஆயிரக்கணக்கானோர் ஒரு நகரத்துக்கு வருவார்களாயின், அங்கே அனாதைப் பிள்ளைகள் கிடைக்கும்படி யாராவது செய்துகொண்டுதான் இருப்பார்கள். விடுதிக்காரர் கிராமத்துக்குப் போகிறார். "பிள்ளையை என்னிடம் விடுங்கள், மூன்று வேளை சோறு, ஆங்கிலப் படிப்பு, நல்ல உடை" என்று சொல்கிறார். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய் ஒன்றை அனுப்பி வைக்கிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் பாட்டன்மார்களும் பிழைப்புக்காகப் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பியவர்கள்தாம்.

எல்லா விடுதிகளும் மோசம் என்று நாம் சொல்லவில்லை. தாய் தகப்பன் இருவரையும் இழந்து, உறவும் இல்லாத பிள்ளைகள் உண்டு. அவர்களை உண்மையான அன்போடு வளர்ப்பவர்களும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட நல்ல இடங்கள் பஸ்ஸில் வரும் நாற்பது பேருக்குக் கதவைத் திறந்து விடுவதில்லை. முன்பின் அறியாத மனிதர் எவரும், எந்த நேரத்திலும், பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துப் படம் பிடித்துக்கொள்ளலாம் என்று ஓர் இடம் இருக்குமாயின், அது ஒன்றே அந்த இடத்தின் யோக்கியதையைக் காட்டிவிடும். நமது வீட்டுக்குள், நமது பேரப்பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் அறைக்குள், ஊர் பேர் தெரியாத நாற்பது பேரை நாம் அனுமதிப்போமா?

அங்கு நடப்பது என்ன? சில விடுதிகளில் பிள்ளைகள் மாலைதோறும் பிரயாணிகளுக்காக நடனம் ஆடுகிறார்கள். வேறு சில இடங்களில், நன்கொடை குறைந்துவிடுமோ என்று அஞ்சி, பிள்ளைகளின் தோற்றத்தை ஏழ்மையாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் தொண்டு செய்ய வரும் இளைஞர்கள் பிள்ளைகளுடன் ஒட்டிக்கொண்டு, பின்னர் போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் வேறொருவர். ஓயாமல் ஒட்டிப் பிரியும் இந்தப் பழக்கம் சிறு பிள்ளையின் மனத்தில் ஆழமான காயத்தை உண்டாக்குகிறது என்று குழந்தை வளர்ப்பு அறிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். இதனினும் கொடியது, சொல்லக் கூசும் எண்ணத்துடன் பிள்ளைகளை நாடி வருகிறவர்களும் அதே திறந்த கதவின் வழியாகத்தான் நுழைகிறார்கள் என்பது.

உலகம் இதனை இப்போது உணரத் தொடங்கியிருக்கிறது. 2015 இல் கம்போடிய அரசாங்கம் இவ்விடுதிகளைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தது. பிள்ளைகளைக் குடும்பங்களிடம் திருப்பிச் சேர்க்கும் வேலையும் தொடங்கியது. ஆஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று 2017 இல் இதனை விசாரித்தது. விடுதிகளை நிரப்பப் பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோவது அடிமை வியாபாரத்தின் ஒரு வகையே என்ற கருத்து அங்கே ஏற்கப்பட்டது. 2019 இல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையும் தனது தீர்மானமொன்றில் இதனைக் குறிப்பிட்டது.

இங்கே நம்மவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். "தகப்பனை இழந்த பிள்ளை, தாய் இருந்தாலும் நம் வழக்கில் யத்தீம்தானே? அப்படியானால் தாய் இருக்கிறாள் என்பதற்காக அப்பிள்ளை உதவி பெறத் தகுதியற்றது ஆகுமா?" என்பதே அது. நல்ல கேள்வி. அப்பிள்ளை யத்தீம்தான், உதவியும் அதற்குச் சேர வேண்டியதுதான். ஆனால் யத்தீமைத் தாயிடமிருந்து பிரித்துக் காட்சிக்கு வைக்கும்படி எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பாட்டனோ சிறிய தகப்பனோ பொறுப்பேற்று, வீட்டோடு வைத்து வளர்ப்பதும், அதன் சொத்துக்குக் கணக்கு வைப்பதுமே நமது பழைய முறை. விதவைத் தாயின் அரிசிப் பானைக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் உதவினால் அந்த யத்தீம் தன் வீட்டிலேயே வளரும். விடுதி வைத்துப் பிள்ளைகளைப் பராமரிப்பது, குடும்பத்தோடு வைத்து உதவுவதைக் காட்டிலும் அதிகச் செலவு பிடிக்கும் காரியம் என்பதும் கணக்குப் பார்ப்பவர்கள் கவனிக்கத்தக்கது.

வீதியில் கொடுக்கும் ஒரு வெள்ளி

அடுத்து, கோயில் வாசலில் தபால் அட்டை விற்கும் பிள்ளை. அதன் கையில் நாம் ஒரு வெள்ளி கொடுக்கிறோம். நம் மனம் குளிர்கிறது. நாளையும் அப்பிள்ளை அங்கே வரும். நல்ல வருமானம் கிடைத்தால் பள்ளிக்கூடம் எதற்கு என்ற எண்ணம் வீட்டில் உண்டாகும். தம்பியையும் கூட அனுப்புவார்கள். பிள்ளையின் வயது குறையக் குறைய விற்பனை கூடும் என்பதை வீதி வியாபாரம் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். பதினான்கு பதினைந்து வயதாகி, முகத்தில் குழந்தைத்தனம் மாறியவுடன் எவரும் வாங்குவதில்லை. அப்போது கையில் படிப்புமில்லை, தொழிலுமில்லை.

"நாங்கள் காசு கொடுப்பதில்லை, பொருளாகத்தான் கொடுக்கிறோம்" என்பார்கள் சிலர். அதற்கும் அவ்வூரில் ஒரு வழி கண்டுவிட்டார்கள்! இடுப்பில் கைக்குழந்தையுடன் ஒரு பெண் வருகிறாள். "பணம் வேண்டாம் ஐயா, குழந்தைக்குப் பால்மாவு வாங்கிக் கொடுங்கள்" என்று கடைக்கே அழைத்துப் போகிறாள். பிரயாணி நல்ல விலை கொடுத்து ஒரு டின் வாங்கித் தருகிறார். அவர் தலை மறைந்ததும் டின் கடை அலமாரிக்கே திரும்புகிறது. பணத்தைக் கடைக்காரரும் அவளும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் ஒரே டின் பலமுறை விலை போகும். கடை வைத்திருக்கும் நாம் இந்தத் தந்திரத்தைக் கேட்டு ஒருகணம் சிரித்துவிடுவோம். ஆனால் நடு இரவு வரை தெருவில் தூங்கி வழியும் அந்தக் கைக்குழந்தையை நினைத்தால் சிரிப்பு வராது.

ஆகவே பிள்ளையின் கையில் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்றே அங்குள்ள குழந்தை நலத் தொண்டர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கொடுப்பதையே நிறுத்தும்படி அவர்கள் சொல்லவில்லை. நெய்கிறவனுக்கும் சமைக்கிறவளுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் கூலி கிடைத்தால், பிள்ளை பள்ளிக்கூடம் போகும். பெற்றவர்களின் கையை நிரப்புங்கள் என்பதே அவர்கள் சொல்லும் வழி. அதற்குச் சியம் ரீப்பிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

பயன் தந்த வழிகள்

முதலாவதாக, நாம் அறியாமலே கொடுத்துவரும் இரண்டு வெள்ளியைப் பற்றிச் சொல்லுவோம். அங்கோரைப் பார்க்கும் ஒரு நாள் சீட்டின் விலை 2017 பெப்ரவரியில் 20 அமெரிக்க வெள்ளியிலிருந்து 37 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அப்போதே, ஒவ்வொரு சீட்டிலிருந்தும் இரண்டு வெள்ளி காந்தபோபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். 2019 இல் சீட்டு வாங்கிய வெளிநாட்டினர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர். தலைக்கு இரண்டு வெள்ளி என்றால் 44 இலட்சம் வெள்ளி! எந்தப் பிரயாணியும் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை, படம் பிடிக்கவில்லை. அங்கே நோயுற்ற பிள்ளைக்கு இலவச வைத்தியம் கிடைத்தது.

இம்மருத்துவமனையின் வரலாறு நமது வணிகர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. சீஹானூக் மன்னரின் மகள் காந்தபோபா இளம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவள் பெயரால் நொம்பென்னில் ஒரு மருத்துவமனை எழுந்தது. அதில் 1974, 75 ஆம் ஆண்டுகளில் வேலை பார்த்தவர் பீட் ரிச்னர் என்ற சுவிட்சர்லாந்துக் குழந்தை வைத்தியர். கெமர் ரூஜ் படை வந்தபோது அவர் வெளியேற நேர்ந்தது. பின்னர் மன்னரின் அழைப்பை ஏற்று, 1992 இல் அதனை மறுபடியும் திறந்தார். சியம் ரீப் மருத்துவமனை 1999 இல் திறக்கப்பட்டது. ஏழாம் ஜெயவர்மன் என்று அதற்குப் பெயர். அந்தப் பழைய மன்னன் நாடெங்கும் 102 மருத்துவ சாலைகள் வைத்திருந்ததாகக் கல்வெட்டு கூறுகிறது, பெயர் பொருத்தமே.

ரிச்னருக்குச் செல்லோ என்னும் பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கத் தெரியும். சனிக்கிழமை இரவுகளில் பிரயாணிகளை மருத்துவமனை மண்டபத்துக்கு அழைத்து, சிறிது வாசிப்பார். பின்னர் மருத்துவமனையின் கஷ்டங்களைச் சொல்வார். முடிவில் இளைஞர்களிடம் இரத்தம் கேட்பார். முதியவர்களிடம் பணம் கேட்பார். நடுவயதினரிடம் இரண்டும் கேட்பார். டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில் பிள்ளைகளுக்கு இரத்தம் அவசரமாகத் தேவைப்படும் நாடு அது. பிரயாணியை நோயாளிப் பிள்ளையின் கட்டிலருகே கூட்டிப் போய்க் காட்டிக் கேட்கவில்லை. மண்டபத்தில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கேட்டார். அவர் 2018 இல் காலமானார். மருத்துவமனைகள் தொடர்ந்து நடந்து வருகின்றன.

ஒட்டல் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய ஒருவர் செய்ததையும் பார்க்க வேண்டும். அக்கோர் என்ற பிரெஞ்சு ஓட்டல் ஸ்தாபனத்தை நிறுவிய இருவரில் ஒருவரான பால் துப்ரூல், 2002 இல் சியம் ரீப்பில் ஓட்டல் தொழில் பள்ளி ஒன்றை ஏற்படுத்தினார். (அதே ஆண்டு பிரான்சிலிருந்து அங்கோருக்குச் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம்!) சமையல், விருந்தினர் உபசரிப்பு, அறை நிர்வாகம் ஆகியவற்றை அங்கே ஏழை வாலிபர்கள் கற்கிறார்கள். தபால் அட்டை விற்று வளர்ந்த பிள்ளைக்குக் கதவடைக்கும் அதே தொழில், தொழில் கற்ற பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கிறது.

நொம்பென்னில் 1994 இல் ஃபிரண்ட்ஸ் என்ற தொண்டு ஸ்தாபனம் தோன்றியது. தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்புவதும், வளர்ந்தவர்களுக்குத் தொழில் கற்பிப்பதும் அதன் வேலை. அவர்கள் சாப்பாட்டுக் கடைகளையே பயிற்சிக் கூடமாக்கினார்கள்; பரிமாறுகிறவரும் சமைக்கிறவரும் பயிற்சி பெறும் வாலிபர்கள். நம்மவர்களில் எத்தனை பேர் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துத் தொழில் கற்று, பின்னர் சொந்தக் கடை வைத்தவர்கள்! இந்த முறை நமக்குப் புதிதன்று. பத்தம்பாங் நகரில் அதே 1994 இல், அகதி முகாமிலிருந்து திரும்பிய வாலிபர்கள் ஏழைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிக்கத் தொடங்கினார்கள். அது ஃபார் என்னும் கலைப் பள்ளியாக வளர்ந்தது. அங்கே பயின்று தொழில்காரர்களான வாலிபர்கள் 2013 முதல் சியம் ரீப்பில் இரவுதோறும் சர்க்கஸ் நடத்தி வருகிறார்கள். சீட்டுப் பணத்தில் அவர்களுக்குச் சம்பளமும் பள்ளிக்கு உதவியும் கிடைக்கின்றன. ஜவுளி வியாபாரம் செய்யும் அன்பர்கள் பட்டு நெசவையும் மர வேலையையும் கிராமத்து வாலிபர்களுக்குக் கற்பித்து வேலை கொடுக்கும் ஆர்டிசான்ஸ் அங்கோர் பட்டறைகளைப் பார்ப்பது நல்லது. அங்கே ஒரு துண்டு வாங்கினால் அதன் விலையில் ஒரு பங்கு கிராமத்து வீட்டுக்குக் கூலியாகப் போகிறது.

ஏஜென்சிக்காரர் செய்யத்தக்கது

நிகழ்ச்சி நிரலில் உள்ள அந்த அரை நாளை முதலில் எடுத்துவிட வேண்டும். வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்துக்குள் குழுவாக நுழைவதையும் அவ்வாறே விட்டுவிடலாம். நம் பிள்ளைகளின் வகுப்பில் வாரம் மூன்று முறை அந்நியர் வந்து மிட்டாய் கொடுத்தால் பாடம் எப்படி நடக்கும்? நோட்டுப் புத்தகம், பேனா கொடுக்க விரும்புவோர் இங்கிருந்து மூட்டை கட்டிப் போகாமல் அவ்வூர்க் கடையில் வாங்கித் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்து ரசீது பெறலாம். அக்கடைக்காரருக்கும் பிள்ளைகள் உண்டு.

ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மாத்திரம் கேட்காமல் வேறு இரண்டொரு கேள்விகளும் கேட்கலாம். பிள்ளைகளைப் பாதுகாப்பது பற்றி வேலையாட்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? வயது வந்த அந்நியர் ஒருவர் உள்ளூர்ப் பிள்ளையை அறைக்கு அழைத்து வந்தால் எழுத்தர் என்ன செய்வார்? பிரயாணத் தொழிலில் பிள்ளைகளைப் பாதுகாக்க 1998 இல் ஸ்வீடனில் ஒரு நடத்தை விதி ஏற்பட்டு, பல நாட்டு ஓட்டல்களும் ஏஜென்சிகளும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. இப்படிக் கேட்பதால் ஓட்டல்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாற்பது பேரைக் கூட்டி வருகிறவரின் கேள்விக்கு எந்த ஓட்டல்காரரும் மரியாதை கொடுப்பார். ஃபிரண்ட்ஸ் ஸ்தாபனம் சைல்ட்சேஃப் என்ற பெயரில் வாடகை வண்டிக்காரர்களுக்கும் விடுதி வேலையாட்களுக்கும் இதே பயிற்சியைக் கொடுத்துவருகிறது. அத்தகைய வண்டிக்காரர்களைக் கேட்டு அமர்த்தலாம். ஆபத்திலிருக்கும் பிள்ளையைக் கண்டால் நாமே போய்த் தலையிடாமல், அவர்களது தொலைபேசிக்குச் சொல்வதே பாதுகாப்பான முறை. அந்த எண்ணைக் கேட்டுப் பெற்று, குழுவினருக்குக் கொடுக்கும் தாளில் அச்சிட்டுவிடலாம்.

ஒரு தயக்கம் எஞ்சியிருக்கிறது. "பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் பெரியவர்கள் குழுவில் சேருகிறார்கள், அதை எடுத்துவிட்டால் ஆள் சேருமா?" என்று ஏஜென்சிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கவலை. அப்பெரியவர்களின் தர்ம சிந்தை உயர்ந்தது. அதை அவமதிக்கக் கூடாது. புறப்படுவதற்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் மேலே கண்ட கணக்கைச் சொல்லலாம்: 154 விடுதிகள் எவ்வாறு 269 ஆயின என்பதை. நம் பெரியவர்கள் கணக்கு அறிந்தவர்கள். அரிசி மூட்டைக்கும் பொம்மைக்கும் வசூலிக்கும் பணத்தை அப்படியே வசூலித்து, சாம் கிராமமொன்றில் விதவைத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஓராண்டுப் படிப்புச் செலவாக, பள்ளிவாசல் நிர்வாகிகளின் கையெழுத்துடன் செலுத்தலாம். ஆண்டு முடிவில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று கணக்குக் கேட்டு எழுதலாம். படம் கேட்க வேண்டாம்.

இதனால் பிரயாணக் கட்டணம் உயர்ந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். விடுதிக்குப் போய்வரும் அரை நாள் பஸ் வாடகை மிச்சமாகும். சர்க்கஸ் சீட்டு வாங்க அது முழுவதும் போதாவிட்டாலும், அதில் ஒரு பகுதியாவது ஈடுகட்டும்.